ஜஸ்மேல் கௌர் வாங்கி வந்த தண்டனை

கோட்பாகா ஊரில் ஜஸ்மேல் கௌரிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. பாலில் தண்ணீர் கலந்தால் பால்காரனை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்பாள். குருத்வாரா சமையலறையில் பருப்பு அடிப்பிடித்தால், கரண்டி பிடித்தது ஊர்த் தலைவரின் மனைவி பிரீதமோ என்றெல்லாம் பார்க்க மாட்டாள். நீலத் தலைப்பாகையும் தோளுக்குக் குறுக்கே வாரில் தொங்கும் கிர்பான் குறுவாளுமாக அவள் தெருவில் வருவதைக் கண்டால், அரசமரத்தடியில் சீட்டாடும் ஆண்கள் பாட்டிலைத் துண்டுக்கடியில் தள்ளிவிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லையென்று சொன்னால் அது பொய்.

கணவர் நாஹர் சிங் வேறு ரகம். பருத்தியிலும் கோதுமையிலும் கெட்டிக்காரர், வீட்டில் சாது. மாதம் ஒருமுறை மான்சாவுக்குப் போய் தாடியைக் கத்தரித்து, கரியாகச் சாயம் பூசிக்கொண்டு வருவார். இரண்டாவது பையன் பிறந்த மறுவருஷம் ஜஸ்மேல் சீக்கியத் தீட்சையான அமிர்தம் எடுத்துக்கொள்ளப் போனபோது அவரையும் கூப்பிட்டாள். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, நீ எடுத்துக்கொள் என்றார். பையன்கள் வளர்ந்து, கல்யாணமாகி, கனடாவுக்கும் போயாகிவிட்டது. அவருக்குத் தைரியம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"குரு எழுதிக் குடுத்த தாடிக்கு நீங்க என்ன மாசாமாசம் திருத்தம் போடறீங்க?" என்று அவர் மான்சாவிலிருந்து திரும்பும்போதெல்லாம் கேட்பாள்.

"வீட்டுக்கு ஒரு சிங்கம் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்காருவார்.

சிங்கம் என்று அவர் சொன்னதில் கேலி பாதிதான். ஒருதரம் பேருந்து நிலையத்தில் குடித்திருந்த இரண்டு பேர் ஒரு கல்லூரிப் பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். சுற்றியிருந்தவர்கள் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜஸ்மேல் போய் அந்தப் பெண்ணுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள். கிர்பானின் பிடியில் கை வைத்தாள், அவ்வளவுதான். உறையிலிருந்து விரலளவு கூட வெளியே எடுக்கவில்லை. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்கள். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாஹர் சிங் பிறகு பதறினார். இது முதலில் எடுப்பதற்கு அல்ல, நிற்பதற்கு என்றாள் அவள். அந்தப் பெண்ணிடம் ஊர் பேர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்குத்தான் மார்பில் கட்டி வந்தது.

அறுவைசிகிச்சை அன்று காலை, கேரளத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றித் தரச்சொன்னாள். ஜஸ்மேல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கையிலிருக்கும் இரும்புக் காப்பு கழலாது, வேண்டுமானால் மேலே பிளாஸ்திரி சுற்றிக்கொள் என்றாள். மரச்சீப்பும் விரல் நீளக் கிர்பானும் தலைத் தொப்பிக்குள் கொண்டை மேல் இருக்கும் என்றாள். அரைக்கச்சையை முழுசாகக் கழற்றும் பேச்சே இல்லை, ஒரு கால் வெளியே வரும், இன்னொரு கால் உள்ளேயே இருக்கும் என்றாள். வீட்டில் குளித்து உடை மாற்றும்போதும் அப்படித்தான், புதியதில் ஒரு கால் நுழைந்த பிறகே பழையது இறங்கும். நர்ஸ் மிரண்டுபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். சிரித்துக்கொண்டே, அந்த அம்மா சொல்கிறபடியே செய் என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். கணுக்காலில் கச்சை சுருண்டு கிடக்க ஜஸ்மேல் மயக்க மருந்து வாங்கிக்கொண்டாள். கேசம், சீப்பு, காப்பு, கச்சை, கிர்பான் என்று அமிர்தம் எடுத்தவர் பிரியக்கூடாத ஐந்தில் ஒன்றையும் விடவில்லை என்று பிறகு ஊர் முழுக்கச் சொல்லி மகிழ்ந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மருந்துதான் அவளை மடக்கியது. முடி கொட்டும், முன்கூட்டியே ஒட்ட வெட்டிவிட்டால் மனசுக்குச் சுலபம் என்று அதே நர்ஸ் நல்ல எண்ணத்தில் சொன்னாள். ஜஸ்மேல் அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

முடி கொட்டியது. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி அது. பிறந்ததிலிருந்து கத்திரி அறியாதது. காலையில் தலையணை முழுக்கக் கிடக்கும். ஒரு விடியலில் அவள் கண்ணை முழுக்கத் திறக்காமல் படுத்திருந்தபோது, நாஹர் சிங் கட்டிலோரம் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். தலையணையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சுத்தமான வெள்ளைத் துணியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்படிக்கு எடுத்துப் போய், மரியாதையாக நெருப்பில் இட்டார். சீப்பில் வரும் முடியை அவள் அப்படித்தான் செய்வாள். தன் தாடியை முடிவெட்டுகிறவன் தரையில் கூட்டித் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷன் இதை எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. தூங்குவது போலவே கிடந்தாள்.

கடைசி இழையும் போன அன்று, குளித்துவிட்டுச் சீப்பைக் கையில் எடுத்தாள். காலையும் மாலையும் சிக்கெடுத்து, கொண்டை போட்டு, அதில் செருகி வைக்கும் சீப்பு. செருக இடமில்லை. பிறகு துணியில் சுற்றி, குளிருக்குப் போர்த்தும் ரஜாய் அடுக்கியிருக்கும் பெரிய இரும்புப் பெட்டியில் அடியில் வைத்து மூடிவிட்டாள். மொட்டைத் தலையில் நீலத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டாள். அது இறுக்கமாக நிற்காமல் வழுக்கியது.

அதைவிட ஊர் அவளிடம் நடந்துகொண்ட விதம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பால் தண்ணீராக இருக்கிறது என்றால், ஆமாம் பெஹன்ஜி, நாளைக்குச் சரிபண்ணிடறேன் என்று பால்காரன் தலை குனிந்தான். பருப்பு அடிப்பிடித்தது என்றால் பிரீதம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நாஹர் சிங் கூடத் தாடியைப் பற்றி அவள் ஏதாவது சொன்னால் சிரிப்பதை விட்டுவிட்டார். எல்லாரும் சேர்ந்து அவளைப் பஞ்சுக்குள் பொதிந்து வைத்துவிட்டார்கள். மூச்சு முட்டியது.

உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேசம் போய்விட்டதே, இனி நான் குருவின் பிள்ளைதானா, இல்லை வரிசையிலிருந்து கழன்றுவிட்டேனா? ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஐயோ பாவம் என்று ஆறுதல் சொல்வார்கள். ஆறுதல் அவளுக்கு வேண்டாம். தீர்ப்பு வேண்டும்.

பைசாக்கித் திருநாளுக்கு முன்னால் மான்சா குருத்வாராவில், தீட்சை கொடுக்கும் ஐந்து அன்பர்கள் கூடினார்கள். புதிதாக அமிர்தம் எடுப்பவர்களும் வருவார்கள், எடுத்த பிறகு தவறியவர்களும் வந்து நிற்பார்கள். உடம்பு இருக்கும் நிலையில் எதற்கு என்று நாஹர் சிங் தடுத்துப் பார்த்தார். கடைசியில் அவரே டிராக்டரை விட்டுவிட்டு மைத்துனனின் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் பள்ளம் பார்த்து அவர் மெதுவாக ஓட்டியது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் வெளியே நின்றார். ஜஸ்மேல் உள்ளே போய் குரு கிரந்தத்தின் முன் விழுந்து வணங்கி, எழுந்து கைகூப்பி நின்றாள். காவி அங்கி அணிந்து ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அந்த ஐவருக்குத் தலைவரான மெஹர் சிங்கை அவளுக்குத் தெரியும். கடைத்தெருவில் டிராக்டர் பழுது பார்க்கிறவர், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். இந்த அறையில் அவர் மெக்கானிக் அல்ல, ஐவரில் ஒருவர்.

நோயையும் மருந்தையும் பற்றி அவள் சொல்லி முடித்தாள். மெஹர் சிங் பொறுமையாகக் கேட்டார்.

"கத்திரி பட்டுச்சா?"

"படலை."

"நீங்களா பிச்சுப் போட்டீங்களா?"

"இல்லை. தானா போச்சு."

"அப்போ குரு குடுத்தது, அவரே எடுத்துக்கிட்டார். திரும்பக் குடுத்தா வெச்சுக்குங்க. அதுல உங்க தப்பு ஒண்ணுமில்லை, பீபி."

பயம் விலகியது. ஆனால் அந்தக் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. பிரீதம் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரல் மாதிரியே பட்டது அவளுக்கு. இங்கேயும் பஞ்சுதானா என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டுத் திரும்பப் போனாள்.

"நில்லுங்க" என்றார் மெஹர் சிங். "சீப்பு எங்க?"

அவள் திரும்பி நின்றாள். "பெட்டியில."

"யாரு வெச்சது?"

"நான்தான்."

"எப்போலேருந்து?"

"முடி போன நாள்லேருந்து. செருக இடமில்லையே, பாய் சாஹிப்."

பக்கத்தில் நின்றவர் மெஹர் சிங்கின் காதருகே குனிந்து, நோயாளி, விட்டுவிடலாமே என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் அவள் காதில் விழுந்தது. மெஹர் சிங் தலையை ஆட்டவில்லை. மற்ற நால்வரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தபோது குரல் மாறியிருந்தது, கடையில் பையன்களை வேலை வாங்கும் குரலாக ஆகியிருந்தது.

"முடி உங்க கையில இல்லை. சீப்பு உங்க கையில இருந்துச்சு. அதை நீங்களா கழட்டி வெச்சீங்க. தலைப்பாகைக்குள்ள வெச்சுக் கட்ட முடியாதா? காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் தலையில வெச்சு இழுக்க முடியாதா? அங்க முடி இருக்கா இல்லையான்னு பாக்கறது உங்க வேலை இல்லை."

ஐவரும் ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள். திரும்பி வந்து சொன்னார்கள். பைசாக்கி வரைக்கும் தினமும் காலையில் ஊர் குருத்வாராவில், வருகிறவர்களின் செருப்பைத் துடைத்து அடுக்க வேண்டும். தினப்படி ஓதுவதற்கு மேல் இன்னொரு தடவை ஜப்ஜி பிரார்த்தனையை ஓத வேண்டும். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"ஏத்துக்கறேன்" என்றாள் ஜஸ்மேல். நோய் வந்த பிறகு அவ்வளவு உரக்க அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து நாஹர் சிங்குக்கு நிம்மதியாகிவிட்டது. நல்லபடியாக ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"தண்டனை குடுத்திருக்காங்க" என்றாள் அவள். விவரத்தையும் சொன்னாள்.

அந்தச் சாது மனிதருக்குக் கோபம் வந்து அன்றுதான் அவள் பார்த்தாள். உடம்பில் உயிரை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறவளுக்குத் தண்டனையா, அந்த மெக்கானிக்குக்கு மூளை இருக்கிறதா, இப்போதே உள்ளே போய்க் கேட்கிறேன் என்று செருப்பைக் கழற்றினார்.

"நீங்க யாரு கேக்கறதுக்கு?" என்று ஜஸ்மேல் வழியை மறித்து நின்றாள். "உங்களை உள்ள நிக்க வெச்சு தண்டனை குடுப்பாங்களா? குடுக்க மாட்டாங்க. வழியில போறவனைப் பிடிச்சு யாரும் தண்டிக்க மாட்டாங்க. நான் அவங்க ஆளு. அதனாலதான் எனக்குக் கிடைச்சுது. போய் வண்டியை எடுங்க சர்தார்ஜி, பள்ளத்தைப் பாத்து ஊர்ந்துக்கிட்டு ஓட்டாம ஒழுங்கா ஓட்டுங்க."

நாஹர் சிங் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார். இப்படி ஒரு வசவு வாங்கி எத்தனை நாளாகிவிட்டது. கார்க் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் கவனித்தாள், கவனிக்காதது போல ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாள் குளித்ததும் பெட்டியைத் திறந்து, ரஜாயெல்லாம் தூக்கிப் போட்டுச் சீப்பை எடுத்தாள். மொட்டைத் தலையில் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் இழுத்தாள். மரப்பல் தோலில் ஓடியது. இடமும் வலமும் இழுத்தாள். அதை உச்சியில் வைத்துத் தலைப்பாகையைச் சுற்றினாள். சீப்பில் துணி பிடித்துக்கொண்டது. வழுக்காமல் நின்றது. அன்று தெருவில் அவள் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, சீட்டாடுகிறவர்கள் பாட்டிலை மறைத்தார்கள்.

குருத்வாரா வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். ஈரத்துணியால் ஒவ்வொரு ஜோடியாகத் துடைத்து அடுக்கினாள். வந்தவர்கள் திகைத்தார்கள். சிலர் அவளிடம் செருப்பைத் தரக் கூசி வெளியிலேயே விட்டுப் போனார்கள், அவர்களைக் கூப்பிட்டுத் திட்டி வாங்கி வைத்தாள். பிரீதம் ஓடிவந்து அவள் கையிலிருந்த துணியைப் பறிக்கப் பார்த்தாள்.

"தொடாதே" என்றாள் ஜஸ்மேல். "இது எனக்குக் குடுத்தது. உனக்கு வேணும்னா அமிர்தம் எடுத்துட்டு, ஒரு தப்பு பண்ணிட்டுப் போய் நில்லு."

பிரீதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இவ்வளவு நாள் கழித்து ஒருத்தி தன்னிடம் முறைத்துக்கொண்டு போகிறாள் என்பதில் ஜஸ்மேலுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சில நாள் போயிருக்கும். கோதுமை அறுப்புக்கு ஆள் சொல்லப் போவதாகக் கிளம்பிய நாஹர் சிங், காலையில் குருத்வாரா வாசலில் வந்து நின்றார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சாக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னொரு துணியை நனைத்துப் பிழிந்தார்.

"உங்களுக்கு யாரு தண்டனை குடுத்தது?"

"யாரும் குடுக்கலை" என்றார். ஒரு செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தாடிக்கு."

ஜஸ்மேல் அவர் முகத்தைப் பார்த்தாள். மான்சாவில் முடிவெட்டும் கடைப் பக்கம் அவர் போய் ரொம்ப நாளாகியிருந்தது. கருஞ்சாயம் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று தாடி கிளம்பியிருந்தது. தலையணை மேல் குனிந்து நின்ற நாளிலிருந்தே வளர்ந்திருக்க வேண்டும். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் தான் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். கை தானாகத் தலைப்பாகை உச்சிக்குப் போய், சீப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. இருந்தது.

"இது என்ன துடைக்கற அழகு?" என்று அவர் கையிலிருந்த செருப்பைப் பிடுங்கித் திரும்ப அவர் மடியிலேயே வைத்தாள். "அடியில பாருங்க, மண்ணு அப்படியே இருக்கு."