ஆர்லிஸ் ஏற மறுத்த கார்

ஓர்டெல் ஸ்கோகனிடம் எந்தக் குறையை வேண்டுமானாலும் சொல்லலாம், அவனுடைய 1962ஆம் வருஷத்துக் காரின் ட்ரம் பிரேக்கைத் தவிர. அமெரிக்காவின் மினசோட்டாவில் பாதிப் பேர் பழைய காருக்கு டிஸ்க் பிரேக் மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவர்களை இவன் மனுஷர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, மச்சினன் லெஸ்டர் உட்பட.

போன வருஷம் சோளத் திருவிழா ஊர்வலத்தில் அந்தப் பிரேக் பிடிக்காமல் கார் மெல்ல உருண்டுபோய், சோளம் விற்கிற மேஜையை இடித்தது. சோளத்தில் தடவ உருக்கி வைத்த வெண்ணெய் மொத்தமும் பாதிரியார் கால்மேல். காரில் அவன் பக்கத்தில் இருந்த மனைவி ஆர்லிஸ் இறங்கி, கதவை அறைந்து சாத்தினாள். "இது நிக்கும்னு எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் இதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். இந்தச் சனிக்கிழமை மறுபடி ஊர்வலம். அவள் லெஸ்டர் காரில் ஏறிவிட்டால் இவன் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா?

அதனால் திங்கட்கிழமையே பின்சக்கரங்களைக் கழற்றினான். ட்ரம் பிரேக் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புக் கிண்ணம், உள்ளே பிறைபோல இரண்டு ஷூ. மிதித்தால் ஷூ விரிந்து கிண்ணத்தைப் பிடிக்கும். ஷூ தேய்ந்து இடைவெளி கூடினால் நெருக்கிவைக்க சக்கரத்துக்கு ஒரு பல்சக்கரத் திருகு; இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர். ரிவர்ஸில் போய் பிரேக் போட்டால் அது தானே திரும்பி ஷூவை நெருக்கிவிடும். ஒரு பக்கத்தைப் பிரி, மறுபக்கத்தைப் பார்த்துப் பூட்டு என்பது ஊர் உலக வழக்கம். நம்ம ஆளுக்கு அதெல்லாம் எதற்கு? இரண்டு பக்கத்தையும் பிரித்து ஒரே தட்டில் கொட்டினான். ஒரு ஸ்பிரிங் எகிறித் தக்காளிச் செடிக்குள் விழுந்தது. அதைத் தேடவே அரை நாள் போயிற்று.

ஒருவழியாகப் பூட்டிவிட்டு, தெருவில் ரிவர்ஸில் போய்ப் போய் பிரேக் போட்டான். பெடல் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் போட்டான். இன்னும் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் இறங்குகிற பெடலை வீட்டுக்கே கேட்கும்படி திட்டினான்.

லெஸ்டர் வந்து வேலியில் சாய்ந்தான். "என்ன மச்சான், முன்னாடி போற வழி மறந்துபோச்சா?"

"வாயை மூடு. அட்ஜஸ்ட் ஆகுது."

"பேசாம டிஸ்க் போட்டுடேன்."

"என்னைப் பொதைச்சுட்டு அப்புறம் போடு."

"இப்படியே ஓட்டு, அது சீக்கிரம் நடக்கும்."

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஆர்லிஸ் ஜன்னல் வழியே கத்தினாள். "நீ பின்னாடி போகப் போகத்தான் பெடல் கீழ போகுது! கவனிச்சியா?"

"உனக்கென்ன தெரியும்?" என்று சீறியவன், அவள் தலை மறைந்ததும் ட்ரம்மைக் கழற்றிப் பார்த்தான். இடது திருகு வலப்பக்கம், வலது திருகு இடப்பக்கம்! நெருங்கவேண்டியது ஒவ்வொரு தடவையும் தளர்ந்திருக்கிறது. தன் பிரேக்கைத் தானே இவ்வளவு நேரமும் அவிழ்த்திருக்கிறான், படுபாவி.

மாற்றிப் பூட்டினான். பெடல் கல்லுமாதிரி நின்றது. "வா, ஏறு" என்றான் ஆர்லிஸிடம் பெருமையாக.

"இரு. நான் கராஜ் கதவு முன்னாடி நிக்கறேன். என்னைப் பார்த்து ஓட்டிட்டு வந்து நிறுத்து."

ஓர்டெலுக்கு வேர்த்துவிட்டது. "குப்பைத்தொட்டியை வெச்சுப் பாக்கலாமே?"

"உனக்கே நம்பிக்கை இல்ல. என்னை மட்டும் ஏறச் சொல்ற!"

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வருஷமாக அவளிடம் கேட்டது இதைத்தானே? இறங்கி வந்து சாவியை நீட்டினான். "நீ ஓட்டு. நான் நிக்கறேன்."

அந்த ஸ்டியரிங்கை அதுவரை அவன் யாரையும் தொடவிட்டதில்லை. ஆர்லிஸ் சீட்டை முன்னுக்கு இழுத்தாள். அவன் நினைத்ததைவிட வேகமாகத்தான் வந்தாள். ஓர்டெல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது பம்பர் அவன் பேன்ட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. முழங்கால் பத்திரமாக இருந்தது. உள்ளே ஆர்லிஸ் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ சனிக்கிழமை வர்றியா?" என்று நின்ற இடத்திலிருந்தே கேட்டான்.

"வர்றேன். நீ அந்தப் பக்கம் ஏறிக்கோ."

சனிக்கிழமை ஆர்லிஸ் ஒரு கையால் ஓட்டி, மறுகையை ஊருக்கெல்லாம் ஆட்டிக்கொண்டு போனாள். பக்கத்து சீட்டில் ஓர்டெல், ஊர்வலம் முடிகிறவரை, அங்கே இல்லாத பிரேக்கை வலதுகாலால் மிதித்துக்கொண்டே வந்தான்.