ஈப்போவுக்கு மூன்று முறை: ஆசை வற்றியதற்கு மருத்துவம் தேடி

தாம்பத்திய ஆசை வற்றியதற்கு மருத்துவம் தேடிப் போன அனுபவத்தைத் தமிழில் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஏழாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. அதன்பின் கணவர் தொட்டாலே உடம்பு மரத்துவிடும்.

ஆகஸ்டில் முதல் பயணம், தனியாக. எங்கள் ஊர் தஞ்சோங் மாலிமில் காலை 8.10க்கு ரயில், ஒன்றேகால் மணி நேரத்தில் ஈப்போ. கிளினிக்குக்கு கிராப் டாக்சி எடுத்தேன், பத்து ரிங்கிட். ஓட்டியவர் ஈப்போவிலேயே சிலிபின் பக்கத்துத் தமிழர்.

“யாருக்கு முடியலம்மா?”

“எனக்குத்தாண்ணே. தலைவலி.” வேறென்ன சொல்வது?

டாக்டரம்மா தமிழர். “மூளையில ஆசையத் தூண்டுற பக்கமும் இருக்கு, அடக்குற பக்கமும் இருக்கு. உங்களுக்கு அடக்குறதுதான் ஓயாம வேலை செய்யுது. மனச்சோர்வுக்குச் சாப்பிடுற மாத்திரையும் அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்” என்றார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். தினமும் பத்து நிமிடம், எதையும் எதிர்பார்க்காமல் கணவர் கையைப் பிடித்திருக்கச் சொன்னார். அதைக் கணவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். சொல்லவில்லை.

செப்டம்பரில் இரண்டாவது பயணம். மாற்றமில்லை, புது மாத்திரையால் குமட்டல் மட்டும்.

அக்டோபரில் ஒரு மாலை. கணவர் கார் தொழிற்சாலை வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குள் ஏதோ அசைந்தது. அழுகையே வந்தது. போய் முதுகில் கை வைத்தேன். அவர் விலகிக்கொண்டார்.

நவம்பரில் மூன்றாவது முறை அவரையும் அழைத்தேன். காரில் சுமார் 120 கிலோமீட்டர். வழியில் பீடோர் ஊர்ப் பக்கம் பழைய பாதையில் தேநீருக்கு நிறுத்தினோம். எதிரே எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவில் வெட்டாமல் விட்ட நாலு ரப்பர் மரங்கள். அவற்றைப் பார்த்தபடியே பேசினார்.

“ரெண்டு வருஷமா உங்கிட்ட எதும் கேக்காம இருந்து பழகிட்டேன் லா. இப்ப நீ தொட்டா பயமா இருக்கு. மறுபடி ஒரு பிள்ள வந்து, அதும் போயிட்டா?”

அவர் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியதே அன்றுதான் முதல் தடவை. நான் மருத்துவத்துக்கு என்னை மட்டும்தான் கூட்டிப் போயிருந்தேன்.

இன்னும் தனித்தனி அறையில்தான் படுக்கிறோம். டாக்டரம்மா சொன்னபடி அவர் இப்போது தனியாக ஒரு மனநல ஆலோசகரிடம் பேசப் போகிறார். எனக்கு வந்த ஆசை அவர் பயம் தீரும்வரை நிற்குமா, தெரியாது.

போகிறவர்களுக்கு: காலை ரயிலே வசதி. சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்துப் போங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். துணைவர் இருந்தால், முதல் நாளே இரண்டு டிக்கெட் எடுங்கள்.