அடியில் தங்கிய மருந்து

சுதந்திரம் வந்து சில வருஷங்களில், மைசூரில் என் மகளுக்கு டைபாய்டு. டாக்டர் கொடுத்த மருந்தைக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். வீட்டை ஆண்ட என் நாத்தனாரோ ரசத்தை இறுப்பதுபோல் மேலாகத் தெளிவை இறுத்து, அளவுக் கோப்பையில் கோடு பிசகாமல் கொடுத்துவந்தார். ஜுரம் இறங்கவேயில்லை. புட்டியின் அடியில் மருந்தெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜுரக் கொழந்தைக்கு வண்டலையா குடுப்பா?" என்றார்.

"அந்த வண்டல்தான் அக்கா மருந்து!"

தெளிவு போய் வண்டல் மிகுந்த மிச்சத்தை இனிக் குலுக்கினால், ஒரு வேளைக்கே மருந்து அளவு மிஞ்சிவிடும். யாரிடமும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்து, புதுப் புட்டி வாங்கிவந்தேன். கூடத்தில் எல்லோரும் பார்க்கக் கை வலிக்கக் குலுக்கினேன். கோப்பையை வாங்க நாத்தனார் கை நீட்டினார்.

"ரசம் இறுக்கறச்சே கூப்பிடறேன், அக்கா" என்றேன்.