பால் டின்னில் கேட்ட அம்மா

சனிக்கிழமை ஆனால் போதும், சபாக்கிலிருந்து என் தங்கை மோட்டாரில் வந்து இறங்கிவிடுவாள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் என் மகள் "சின்னம்மா!" என்று வாசலுக்கு ஓடுவாள். நான் வேலை முடிந்து வந்தால் "வந்துட்டீங்களா" என்பதோடு சரி. பெற்றது நான், சோறு போடுவது நான், பேர் வாங்குவது அவள்.

எல்லாம் மகளின் பள்ளிக்கூட அறிவியல் விழாவுக்காக. ஒலியைப் பற்றி ஏதாவது செய்துகாட்ட வேண்டும். துணைக்கு வீட்டிலிருந்து ஒரு பெரியவர் மேடை ஏறலாம், ஒரே ஒருவர். விழா நாளுக்கு நான் லீவு போட்டு, புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். மகள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் கேட்டா வாங்குவது?

மகளும் தங்கையும் வீட்டைக் குப்பைமேடாக்கினார்கள். உறிஞ்சுகுழாயின் நுனியைத் தட்டையாக நறுக்கி ஊதினால் வாத்து மாதிரி கத்தியது. குழாயைக் குட்டையாக்க ஆக்கக் கீச்சென்று குரல் ஏறியது. முறுக்கைத் தாளில் கொட்டிவிட்டு, அது இருந்த டின்னில் ரப்பர் பேண்ட் மாட்டி மீட்டினார்கள். முறுக்கு நமத்துப் போனது. தங்கை செய்தால் அது விஞ்ஞானம், நான் முணுமுணுத்தால் "அம்மா எப்பவும் இப்படித்தான்." எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியாக டெலிபோன். இரண்டு பால் டின், நடுவில் விறைப்பான நூல். மகள் ஒரு டின்னோடு செம்பனைத் தோட்டத்து ஓர வேலியில் நின்றாள். மற்றது சமையலறை ஜன்னலில், தங்கை கையில். அவளுடைய கைப்பேசி அடித்தது. "அக்கா, கொஞ்சம் இழுத்துப் புடிங்க லா" என்று டின்னை என்னிடம் திணித்துவிட்டு முன்னறைக்குப் போனாள். காதில் வைத்தேன்.

"…ம்மா, நீங்கதான் என்கூட மேடைக்கு வரணும். சரியா?"

கண் நிறைந்துவிட்டது. "வரேன்டா கண்ணு!" என்று டின்னுக்குள் கத்தினேன்.

மகள் ஓடி வந்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"நான் சின்னம்மாவைத்தானே கூப்பிட்டேன்."

"எனக்கு அம்மான்னுதான் கேட்டுச்சு" என்றேன். மகளின் கண் பளிச்சென்று விரிந்தது.

"சின்னம்மா! அம்மாவுக்கு 'சின்' கேட்கவே இல்லையாம்!"

தங்கை ஓடி வந்தாள். "'ச' காத்துச் சத்தம், நூல்ல சரியா போகாது. 'ம்மா' முழக்கமா போயிரும்" என்றாள். இருவரும் கைகொட்டிச் சிரித்தார்கள். என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் பரிசோதனை ஆகிவிட்டது.

"அப்போ அம்மாவே மேடைக்கு வரட்டும்" என்றாள் மகள். "தப்பா கேட்கிற காதுதானே வேணும்."

விழாவன்று தங்கை முன்வரிசையில் உட்கார்ந்து படம் பிடித்தாள். மேடையின் அந்தக் கோடியில் மகள் டின்னுக்குள் அந்தச் சொல்லைச் சொன்னாள். "எங்கம்மாவுக்கு என்ன கேட்டுச்சு?" என்று ஒலிபெருக்கியில் கேட்டாள். இந்தக் கோடியில் மற்ற டின் என் காதில் இருந்தது.

சின்னம்மா. ஓர் எழுத்து விடாமல் முழுசாகவே கேட்டிருந்தது.

"அம்மா" என்றேன்.