கேட்கிற சபையும் எழுதுகிற சபையும்

அந்த எண்ணம் எனக்கு முதலில் உதித்தது ஒரு புளி மண்டியில். பௌரிங்பேட்டையில் மெம்பர் ஐயாவின் மண்டிக்குள், கொட்டை எடுத்த புளி ஆளுயரம் குவிந்திருக்க, அதன் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவருக்கு இங்கிலீஷ் பத்திரிகை படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. ஆண்டுதோறும் தசராவின்போது மைசூரில் கூடும் பிரதிநிதி சபைக்கு எங்கள் தாலுகாவிலிருந்து போகிறவர் அவர். நிலமும் மண்டியும் மரத்தோப்பும் உண்டு. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் சரளமாகப் பேசுவார். இங்கிலீஷ் மட்டும் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்துவிட்டு, அப்பாவையும் அண்ணனையும் போலத் தங்கச் சுரங்கத்தில் இறங்க மனமில்லாமல், வேறு என்ன செய்வதென்றும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை அவர்தான் பிடித்துப் போட்டுக்கொண்டார். என் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. 'இங்கிலீஷு' என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்குப் பத்திரிகையில் வந்த செய்தி இது. மைசூர் சர்க்கார் சட்டம் செய்வதற்கென்றே புதிதாக ஒரு சிறிய சபை அமைக்கப்போகிறது. அதிகாரிகளும் நியமனம் பெற்ற பெரிய மனிதர்களும் அதில் இருப்பார்கள். அவர்களோடு, தசரா சபையார் தங்களுக்குள்ளிருந்து பொறுக்கி அனுப்பும் இருவரும் இருப்பார்கள். ஒரு சட்டம் சட்டமாவதற்கு முன் அதன் ஒவ்வொரு வாசகமும் அங்கே விவாதிக்கப்படும். "ஒவ்வொரு வாசகமும்" என்று தமிழில் சொன்னபோது என் வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த நேரத்தில் என் அண்ணி, ஒரு சட்டத்தின் ஒரே ஒரு வாசகத்தினால், போலீஸ் காவலில் இருந்தாள்.

"இன்னாபா இங்கிலீஷு, புளி தொண்டையில பூந்துகிச்சா?" என்றார் மெம்பர் ஐயா.

அண்ணன் இறந்தது மாரிகுப்பம் பக்கத்துச் சுரங்கமொன்றில், மேற்பாறை இடிந்து. வட ஆற்காட்டிலிருந்து வந்த எங்கள் ஜனங்களுக்குக் கருமாதி என்றால் கல் நிறுத்தியாக வேண்டும். குளக்கரையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, அதுதான் செத்தவன் என்று பாவித்துச் சோறு படைத்து, அழுது தீர்த்து, கடைசியில் கல்லைத் தண்ணீரில் விட்டுவிட்டால் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். சொந்த ஊரில் இதற்கு வரப்போரத்துக் கல் எதுவானாலும் போதும். சுரங்கக் கம்பெனி கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்டிருந்த லைன் வீடுகளில் மட்டும் ஒரு புது வழக்கம் வேர்பிடித்திருந்தது. உள்ளே செத்தவனுக்கு, அவன் செத்த இடத்துக் கல்லே வேண்டும். உடம்பு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வந்தாலும் உயிர் அந்த இருட்டிலேயே நிற்கும், கல்லோடுதான் மேலே வரும் என்பார்கள். கூட வேலை செய்கிறவன் எவனாவது கைப்பிடியளவு கல்லை மடியில் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பான். பழைய காவற்காரர்களுக்கு இது தெரியும். துக்கக்காரர்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர்கள் சுருட்டுப் பற்றவைக்கத் திரும்பிக்கொள்வார்கள்.

புதிதாக வந்திருந்த காவற்காரன் திரும்பிக்கொள்ளவில்லை. அண்ணியின் முறத்தில் அரிசிக்கும் மஞ்சளுக்கும் நடுவிலிருந்த கல்லை எடுத்து வெயிலில் புரட்டிப் பார்த்தான். நீலம் பாய்ந்த வெள்ளைக் கல். அதில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. தங்கம் கலந்த கல் ஒருவர் கையில் இருந்தால், அது நேர்வழியில் வந்ததென்று அவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது சுரங்கச் சட்டம். கொடுத்தவன் பெயரைச் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள் போலீசார்.

"எங்க வூட்டுக்காரரு குடுத்தாரு" என்றாள் அண்ணி.

"செத்தவன் எப்படிம்மா குடுப்பான்?"

"செத்ததாலதான் குடுத்தாரு."

இதற்குமேல் ஒரு சொல் அவளிடமிருந்து பெயரவில்லை. வழக்கு எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனின் கருமாதி பாதியில் நின்றது.

இதையெல்லாம் மெம்பர் ஐயாவுக்கு நான் முன்பே சொல்லியிருந்தேன். 'ராமா ராமா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி. அன்று பத்திரிகையை மடித்துவிட்டுச் சொன்னேன்: "ஐயா, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா நீங்க போவணும். துக்கத்துக்கு எடுத்த கல்லு திருட்டு ஆவாதுன்னு சட்டத்துல ஒரு வரி, ஒரே ஒரு வரி சேக்கணும். அதுக்கு முன்னாடி இந்தத் தசராவிலேயே அண்ணி விஷயத்தை எழுந்து கேக்கணும்."

அவர் சிரித்தார். பெரிய வயிறு குலுங்க, சத்தமே வராத சிரிப்பு. "ரெண்டையும் ஒரே வாயால கேக்கறியே அப்பா! தசரா சபை கேக்கற சபை. நாங்க எழுந்து கேப்போம், திவான் 'யோசிக்கிறோம்'பாரு, சந்தோசமா மைசூர்பாகு வாங்கினு ஊருக்கு வந்துடுவோம். நீ படிச்சியே, அது எழுதற சபை. எழுதற சபைக்குப் போவணும்னா கேக்கற சபையில வாயை மூடிக்கினு கீறவனா இருக்கணும். அதுவும் கம்பெனி விஷயத்துல! எந்தோப்பு மரம்தான் அவங்க சுரங்கத்துல முட்டு குடுத்து நிக்குது, தெரியுமா உனக்கு?"

அந்தப் பேச்சை நான் இன்றுவரை அசைபோடுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த எந்தச் சரித்திரப் பாடமும் இரண்டு சபைகள் எதற்கு என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. பெரிய சபை பலபேருடையது; அங்கே குரல் உண்டு, பேனா இல்லை. சின்ன சபையில் பேனா உண்டு. ஆனால் அந்த அறைக்குள் நுழைகிறவன் குரலைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகமுடியுமா என்பதுதான் அன்று எனக்கிருந்த கேள்வி. நிச்சயம் முடியும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு எதுவும் முடியும்.

மைசூருக்குப் புறப்பட்டபோது அவர் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. சபையில் பேச எழுதிக் கொடுத்திருந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று ஏரிகளில் தூர் வாருவது. இன்னொன்று நான் அவரிடம் மன்றாடிச் சேர்த்தது: 'சுரங்கப் பகுதிக் குடிகளின் குறை' என்று மட்டும், பிடி கொடுக்காத ஒரு தலைப்பு. "தலைப்புதானே, இருந்துட்டுப் போவட்டும்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் எழுந்தால் உண்டு, எழாவிட்டால் அது வெறும் மை. அண்ணியின் வழக்கு அதே வாரத்தில் விசாரணைக்கு வந்தது. திவான் காதில் விஷயம் விழுந்தது என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட் ஒருமுறை யோசிப்பார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

பெங்களூர் தாண்டி ரயில் போய்க்கொண்டிருக்கையில், வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். "உங்க அண்ணன் செத்த எடத்துல முட்டு மரம் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"இன்னா ஆச்சு அது?"

"முறிஞ்சிபோச்சாம்."

மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். ரயில் மைசூர் போய்ச் சேரும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மரம் யார் தோப்பு மரம் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தெரியாததுதான் அவரை அறுத்திருக்க வேண்டும்.

சபை மண்டபத்தில் ஜில்லாவாரியாக உட்கார்த்தியிருந்தார்கள். சரிகைத் தலைப்பாகைகளின் வரிசை. நான் வேடிக்கை பார்க்கிறவர்களோடு ஒரு தூணோரம் நின்றேன். கோலார் ஜில்லா என்று அழைத்தார்கள். அவர் எழுந்தார். தூர் வாருவதைப் பற்றிக் கன்னடத்தில் அழகாகப் பேசினார், திவான்கூடத் தலையசைத்தார். உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் பேசினார்கள். பாலத்துக்கு ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு ஒருவர், மேய்ச்சலுக்கு ஒருவர். இரண்டாம் விஷயத்துக்கு அவரைக் கூப்பிட்டபோது அவர் எழவில்லை. பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். காரியதரிசி மறுபடி கூப்பிட்டார். அடுத்தவர் பெயருக்குக் காரியதரிசி கண்ணை நகர்த்தியபோதுதான் அந்தப் பெரிய உடம்பு நாற்காலியை விட்டு எழுந்தது.

எழுந்தவர் எழுதி வைத்திருந்ததைப் பார்க்கவே இல்லை. ஒரு விதவை கருமாதிக்குக் கல் கொண்டுபோனாள், காவலில் இருக்கிறாள் என்றார். அது கோர்ட்டில் இருக்கும் வழக்கு, சபை அதைப் பேசலாகாது என்று உடனே தடுத்தார்கள்.

"வழக்கைப் பற்றிப் பேசவில்லை சுவாமி, கல்லைப் பற்றிப் பேசுகிறேன்" என்றார். "என் தகப்பனாருக்கு நான் கல் நிறுத்தினேன். என் நிலத்தில் குனிந்தேன், எடுத்தேன். யாருடைய கல் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சுரங்கத்துக் குடிகளுக்கு நிற்கிற இடமும் கம்பெனியுடையது, படுக்கிற இடமும் கம்பெனியுடையது. செத்தால் ஒரு கல்லுக்கு அவர்கள் எங்கே குனிவது? அதை மட்டும் சர்க்கார் சொன்னால் போதும்."

விஷயம் யோசிக்கப்படும் என்று பதில் வந்தது. அவர் உட்கார்ந்தபோது, இடித்த பக்கத்து ஆள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டதை நான் தூணோரத்திலிருந்தே பார்த்தேன்.

புதிய சபைக்கு இருவரைப் பொறுக்கும்போது அவர் பெயரை எடுப்பதாக வாக்குக் கொடுத்தவர்கள் எடுக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது அவரே சொல்லிச் சிரித்தார்: "எழுதற சபைக்குப் போவ வேண்டியவனைக் கேக்கற சபையிலேயே அடக்கம் பண்ணிட்டியே இங்கிலீஷு!" வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். போகும்போது பேசாமலிருந்ததற்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர் போல.

பௌரிங்பேட்டை ரயிலடியில் எங்கள் லைன்காரர் ஒருவர் காத்திருந்தார். தீர்ப்பு வந்துவிட்டது. கல் வந்த வழியை நிரூபிக்கவில்லை என்று அண்ணிக்குச் சிறை, கோலாருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மைசூரில் நாங்கள் பேசிய பேச்சு மைசூரைத் தாண்டவே இல்லை. மெம்பர் ஐயா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "யோசிக்கிறாங்கப்பா" என்றார். "யோசிச்சுக்கினே கீறாங்க."

அண்ணி விடுதலையாகி வந்த அன்று மாட்டுவண்டியில் அவளை அழைத்துவரப் போனவன் நான். இளைத்திருந்தாள். வண்டி ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "கல்லு எங்க தம்பி?"

விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன். வழக்கு முடிந்ததும் கல்லைச் சொத்துக்குரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அது மற்றக் கற்களோடு இடிக்கும் ஆலைக்குப் போயிற்று. அரைபட்டு, மாவாகி, அதிலிருந்த மின்னலைப் பிரித்தெடுத்தாயிற்று. இதை எப்படிச் சொல்வது? பாலகாட் சுரங்கத்துப் பக்கம் வண்டி திரும்பியபோது ஆலைச் சத்தம் கேட்டது. இரவு பகல் ஓயாமல் எங்கள் ஊரில் கேட்கும் அந்த இடி. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவேண்டியிருக்கவில்லை.

வெகுதூரம் போனபின் சொன்னாள்: "அப்போ உங்க அண்ணன் இன்னும் கீழதான் கீறாரு."

புதிய சபை இப்போது மைசூரில் கூடிக்கொண்டிருக்கிறது. சுரங்கச் சட்டத்தை இன்னும் இறுக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மெம்பர் ஐயா இப்போது மெம்பர் இல்லை. இந்த ஆண்டு தாலுகாக்காரர்கள் வேறொருவரை அனுப்பினார்கள். கம்பெனிக்கு மரம் போடுவதும் நின்றுவிட்டது. அவர்கள் நிறுத்தினார்களா, இவர் நிறுத்தினாரா என்று கேட்டால் புளி மண்டியைப் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றுகிறார். நான் மட்டும் அவரை மெம்பர் ஐயா என்றே கூப்பிடுகிறேன். முன்பெல்லாம் நான் அவரை உந்தவேண்டியிருந்தது. இப்போது அவர் என்னை விடுகிறதில்லை. "எழுதற சபைக்கு இன்னா எழுதினே? படி பாக்கலாம்" என்று தினமும் கேட்கிறார்.

எழுதியிருக்கிறேன். துக்கத்துக்கு எடுக்கும் ஒரு கல் திருட்டாகாது என்று இங்கிலீஷில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி வைத்திருக்கிறேன். அண்ணிக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றாள். "ஆனா திருட்டு இல்லன்னு எழுதறதுக்கு முன்னாடி, கேட்டா குடுப்பாங்களா மாட்டாங்களான்னு பாத்துட்டியா? மடியில ஒளிச்சே பழகிட்டோம். யாரும் நேரா போய்க் கேட்டதில்லையே."

அதனால் வரும் திங்கட்கிழமை காலை ஷிப்டு மேலேறி வரும் நேரத்தில் அண்ணி சுரங்க வாசலுக்குப் போகிறாள். முறத்தில் அரிசியும் மஞ்சளும் இருக்கும். கல் வைக்கும் இடம் காலியாக இருக்கும். லைன் பெண்கள் எல்லாரும் கூட வருகிறார்கள். மெம்பர் ஐயா சரிகைத் தலைப்பாகையோடு வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். சுரங்கத்து வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிட்டு, அண்ணன் செத்த அந்தச் சுரங்க லெவலிலிருந்து ஒரு கல் வேண்டும் என்று அண்ணியே தன் வாயால் கேட்பாள். அதை இங்கிலீஷில் நான் சொல்வேன். கொடுத்தால் அன்றே குளக்கரைக்குப் போகிறோம். கொடுக்காவிட்டால், எழுதி வைத்த அந்த வரியை எடுத்துக்கொண்டு போக, மைசூருக்கு அன்று சாயங்கால ரயில் இருக்கிறது.