பிரிக்காத மடிப்பு

எங்கள் வீட்டில் தங்கை போட்டதைத்தான் அக்கா போடுவாள். எனக்குச் சிறியதாகிப்போன சட்டையெல்லாம் அவளுக்கு. ஆறு வயது மூத்தவள், என் தோளுக்குக் கீழே நிற்பாள்.

இருவருக்கும் ஒரே நோய்தான், அம்மாவிடமிருந்து வந்தது. எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சிறுநீரில் போய்விடும்; எலும்பு வலுவிழந்து வளையும். அம்மாவுக்கு மூட்டுவலியோடு நின்றது. எனக்கு நடையில் லேசான ஆட்டம், அவ்வளவுதான். அக்காவுக்குக் கால்கள் வில்லாக வளைந்து, வளர்த்தியும் பாதியில் நின்றுவிட்டது. ஒரே மருந்தைத்தான் குடித்தோம். ஒரே குடும்பத்திலும் இது ஆளுக்கு ஒரு மாதிரி வரும், ஏனென்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது என்றார் டாக்டர்.

அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் இருக்கிறாள். கால் எட்டுவதற்காகத் தையல் மிஷினின் பெடலை மரப்பெட்டி மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அளவெடுக்கத் தான் குனியவே வேண்டாம் என்று பெருமையடிப்பாள். வருகிற தாய்மார்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் மடிப்பு விட்டுத் தைங்க, வளர்ற பிள்ளை." அக்கா துணியை உள்பக்கமாக மடித்து, பிறகு பிரிக்க வசதியாக இளந்தையல் போடுவாள்.

ஒருநாள் நான் அங்கே காத்திருந்தபோது ஒரு பெண்மணி வந்து, என்னைக் கைகாட்டி, அக்காவிடம் "பாப்பா, உங்க அக்காவைக் கூப்பிடு" என்றார்.

"அவ வெட்டினா உங்க பையன் சட்டைக்கு மூணு கை வந்துடும். நான்தான் அக்கா, சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். வீடு திரும்பும்போதுதான் கேட்டாள்: "நான் போட்டதை நீ ஒரு தடவைகூடப் போட்டதில்லல்ல?"

அவளிடம் ஒரு நீலப் பாவாடை உண்டு. கடையில் சேர்ந்த புதிதில் தனக்கென்று தைத்துக்கொண்டது. வளர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஏகப்பட்ட மடிப்பு விட்டிருந்தாள். அடி கனத்து, நடக்கும்போது காலைத் தட்டும். அந்த மடிப்பை வெட்டிவிடச் சொல்லி அம்மா எவ்வளவோ கேட்டும் அவள் கத்தரி வைக்க விட்டதில்லை.

எனக்கோ வீட்டில் கால் தரிக்காது. பள்ளி முடிந்ததும் வெளியூரில் வேலை தேடிக்கொண்டேன். பெட்டி கட்டிய அன்று சாயங்காலம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே பிரிக்கிறியா?" என்றாள் அம்மா.

"துணி சும்மா கிடக்குதேம்மா."

பிரித்து முடித்துப் பாவாடையை என்னிடம் நீட்டினாள். நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கணுக்கால்வரை வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே துவைத்து வெளுத்த நீலம். கீழே வெயிலே படாத புதுநீலம்.

"தேச்சாலும் அந்தக் கோடு போகாது" என்றாள் அக்கா.

"போக வேண்டாம். யாராவது கேட்டா, எங்க அக்கா போட்டதுன்னு சொல்வேன்."

அவள் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "எங்க, வாசல்வரைக்கும் நடந்துட்டு வா."

நடந்தேன். திரும்பி வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.