கிணற்றுக்காரி கேட்ட கயிறு

சாராம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பாள். தாகம் இருந்தாலும் கேட்பாள், இல்லாவிட்டாலும் கேட்பாள். வேதப்புத்தகம் வைத்த துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் போட்டுக்கொண்டு, செம்பை இரண்டு கையாலும் வாங்குவாள். அண்ணாந்து, உதட்டில் படாமல், கழுத்தில் ஒரு சொட்டு வழியாமல் குடிப்பாள். அடியில் ஒரு வாய் மிச்சம் இருக்கும். எழுந்து போகும்போது அந்த மிச்சத்தை வாசலில் நிற்கும் செடி எதுவோ அதன் வேர்மூட்டில் ஊற்றுவாள். செம்பைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி நடப்பாள்.

குன்னத்துகால் பக்கத்தில் ஒரு சிறு சபைக்கு அவள் பைபிள் உமன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்வது, படுத்துக் கிடப்பவர்களுக்கு ஜெபிப்பது, முறைத்துக்கொண்டிருக்கும் மாமியாரையும் மருமகளையும் ஒரே பாயில் உட்காரவைப்பது, இதெல்லாம் அவளுடைய வேலை. ஒரு நாளில் ஏழெட்டு வீடு என்றால் ஏழெட்டுச் செம்பு.

"பைபிள் உமனுக்க வயிறு வயிறில்ல, கெணறாக்கும்" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"நிறைச்சு விடுங்க மக்களே, கோடையில கோரிக்கலாம்" என்பாள் அவள்.

இந்தப் பழக்கத்தைப் போதகரும் சொல்லித் தரவில்லை, பெண்கள் சங்கமும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் புத்தகத்தைத் திறந்தால் வீட்டுக்காரர்கள் கதவை மூடுவார்கள். ஒரு மேட மாதத்துக் கோடை வெயிலில், நிஜமாகவே நாக்கு ஒட்டிக்கொள்ள, ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டாள். கதவுக்குப் பின்னால் நின்ற பெண் செம்போடு வெளியே வந்தாள். குடித்து முடிக்கும்வரை பார்த்து நின்றுவிட்டு, "இரியும், வெயில் தாழட்டும்" என்று தானே பாயை விரித்தாள். கேட்டு வந்தவள் முன்னால் வீட்டுக்காரி ஒரு விரற்கடை உயர்ந்துவிடுகிறாள் என்று சாராம்மாவுக்கு அன்று புரிந்தது. உயர்ந்தவள் யாருக்குப் பயப்பட வேண்டும்?

ஆனால் அவள் தண்ணீர் கேட்டுப் போகாத வீடு ஒன்று இருந்தது. அது அவள் வீட்டுக்கு நேர் மேலே, மேட்டில் இருந்தது.

அது பங்கஜாட்சி அம்மாவின் வீடு. அந்த வீட்டைச் சுற்றிய புரயிடத்து நிலத்தின் கீழ் ஓரத்தில் ஓலை வேய்ந்த ஒரு குடிசையில்தான் சாராம்மாவும் கணவன் செல்லையனும் மகன் ராஜதாசும் குடியிருந்தார்கள். மேலே ஓட்டு வீடு, கீழே ஓலை வீடு, நடுவில் கிணறு. காலையில் பெரிய வீட்டு வேலைக்காரி கார்த்தியாயினி தண்ணீர் கோருவாள். சாராம்மா குடத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். கார்த்தியாயினி உயரத்திலிருந்து ஊற்றுவாள். அந்தக் கிணற்றுக் கயிற்றை சாராம்மாவின் வீட்டில் யாரும் தொட்டதில்லை. தொடாதே என்று ஒருவரும் சொன்னதுமில்லை. சொல்லாமலே நடந்துகொண்டிருந்த வழக்கம் அது.

அதே பங்கஜாட்சி அம்மாதான், ராஜதாஸ் பிறந்து சாராம்மா காய்ச்சலில் கிடந்தபோது, நாள் தவறாமல் மருந்துக்கஞ்சி காய்ச்சி அனுப்பினாள். இரண்டும் ஒரே மனுஷிதான். அவளை வெறுக்கவும் முடியாமல், கையைப் பிடிக்கவும் முடியாமல் சாராம்மா பல வருடம் இருந்தாள்.

அப்போதுதான் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை கட்டி இருப்பவர்களுக்குக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தம். அளக்க ஆள் வந்தார்கள். சங்கிலி இழுத்தார்கள், எல்லைக் குற்றி அடித்தார்கள். கடைசிக் குற்றி கிணற்றையும் தாண்டி மேல்பக்கத்தில் போய் விழுந்தது.

"ஏ பிள்ளே, கெணறும் நமக்காக்கும்!" என்று செல்லையன் கூவினான்.

சாராம்மா அழுதாள். இத்தனை வருடமும் அந்த மண்ணில் அவள் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் தவிர வேறெதுவும் நட்டதில்லை. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவள் ஒரு வருடத்துப் பயிருக்குமேல் ஆசைப்பட முடியுமா? அன்று ஒரு தென்னம்பிள்ளை வாங்கி நட்டாள். காய்க்கிறவரை இங்கேதான் என்று அதன் ஓலையைத் தொட்டுக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

பங்கஜாட்சி அம்மா சண்டைக்கு வரவில்லை. எல்லாரும் போனபின் மெதுவாக இறங்கி வந்தாள். கயிற்றை அவிழ்த்தாள். கப்பியைக் கழற்றினாள். வாளியையும் எடுத்துக்கொண்டாள்.

"அளந்ததுல கெணறு உண்டு. கயிறு இல்ல" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள்.

கீழே கயிறில்லாத கிணறும் மேலே கிணறில்லாத கயிறும் ஆயின. செல்லையன் ஆடு கட்டும் கயிறுகளை முடிச்சு முடிச்சாகப் பிணைத்து ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டான். ஒவ்வொரு முடிச்சும் கிணற்று விளிம்பில் சிக்கும். டப்பா பாதி காலியாகி மேலே வரும். கார்த்தியாயினியோ இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் வைத்துப் பாசனச் சானலுக்கு நடந்தாள். அது கோடை. சானலில் தண்ணீர் விடும் நாள் கொஞ்சம், விடாத நாள் அதிகம். பெரிய வீட்டில் அப்போது மகள் ஸ்ரீகுமாரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு அவள் கலங்கல் தண்ணீரில் குளிப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து சாராம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு குடம் நிறையக் கோரி மேல் வீட்டுப் படியில் கொண்டு வைத்தாள்.

குடம் அங்கேயே இருந்தது. சாயங்காலம் பார்த்தபோது தண்ணீரில் எறும்பு மிதந்தது. உள்ளேயிருந்து பங்கஜாட்சி அம்மாவின் குரல் வந்தது.

"சாராம்மே, எனக்க வெள்ளத்த எனக்கே தானம் தரியா?"

சாராம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அன்று முதல் அவளுக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் எறும்பு மிதக்கும் குடம்தான் கண்ணில் வந்தது. பக்கத்து வீட்டுப் படியில் தோற்றவள் எந்த வாயால் ஊரெல்லாம் போய் அன்பைப் பற்றி வாசிப்பாள்? பையைத் தோளில் மாட்டவே கை கூசியது. இனி இந்த ஊழியம் வேண்டாமென்று போதகரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் குடிசையில் வீட்டுக்கூட்ட ஜெபம். வாசிக்க வந்தது கிணற்றங்கரைக் கதை. நடு மத்தியானத்தில் களைத்து உட்கார்ந்த வழிப்போக்கராகிய இயேசு, குடத்தோடு வந்த அந்நிய ஊர்க்காரியிடம் குடிக்கக் கேட்ட கதை. சாராம்மா நூறு தடவை வாசித்தது. அன்று பாதியில் நிறுத்தி, அதே வரியை மறுபடி வாசித்தாள். மழையையும் ஊற்றையும் உண்டாக்கினவர், கையில் ஒரு வாளிகூட இல்லாமல், கேட்கிறவராக உட்கார்ந்திருக்கிறார். அவர் எதையும் ஊற்றிக் காட்டவில்லை. முதலில் கேட்டார்.

நானோ ஊற்றப் போனேன், என்று நினைத்தாள். கார்த்தியாயினி எனக்கு ஊற்றினதுபோலவே, உயரத்தில் நின்று.

மறுநாள் சனிக்கிழமை. செல்லையன் சந்தைக்குப் போய் ஒரு புதுக் கயிறு வாங்கினான். நல்ல முறுக்கான கயிறு. அதை மாலைபோலத் தோளில் போட்டுக்கொண்டு சானல் கரை வழியே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். சாராம்மா அதை வாங்கினாள், தடவிப் பார்த்தாள், நேரே கொண்டுபோய்ப் பரணில் வைத்தாள்.

"என்ன பிள்ளே இது? கயிறு பரணுக்கா, கெணத்துக்கா?"

"இது கெணத்துல தொங்கினா நான் அந்த வீட்டுல என்னத்த கேட்டுப் போவேன்?"

செல்லையனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. "கையில கயிறு வச்சிட்டு கயிறு கேக்கப் போறியா? நீ பைபிள் உமனாக்கும் கேட்டியா!"

"நான் பொய் சொல்ல மாட்டேன். வேற கயிறு உண்டான்னு கேட்டா உண்டுன்னு சொல்லுவேன். அவங்க கேக்காம இருக்க நீரு ஜெபிச்சுக்கும்."

"நல்ல கதை. கள்ளத்துக்குக் காவல் ஜெபம்!" என்றான். ஆனாலும் அன்றிரவு அவன் வழக்கத்தைவிட நேரம் முழங்காலில் இருந்தான்.

திங்கட்கிழமை காலை சாராம்மா மேலே ஏறினாள். பங்கஜாட்சி அம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குப் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கார்த்தியாயினி பக்கத்தில் தேங்காய் துருவினாள்.

"கொச்சம்மா, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாங்க."

துருவல் நின்றது. பங்கஜாட்சி அம்மா நிமிர்ந்தாள். "கெணத்துக்காரி என்னிட்டயா வெள்ளம் கேக்கிய?"

"ஆமா கொச்சம்மா."

"இஞ்ச சானல் வெள்ளமாக்கும். கலக்கல்."

"இருக்கட்டும். தாகத்துக்குத் தெரியுமா கலக்கலும் தெளிவும்?"

பங்கஜாட்சி அம்மா தானே எழுந்து உள்ளே போய்ச் செம்போடு வந்தாள். சாராம்மா இரண்டு கையாலும் வாங்கினாள், அண்ணாந்தாள், குடித்தாள். மண் வாசனை அடித்தது. மிச்சத்தைச் செம்பருத்தியின் மூட்டில் ஊற்றினாள்.

"இன்னும் என்ன?"

"கயிறு வேணும்."

"என்ன கயிறு?"

"உங்க கயிறு கொச்சம்மா. கப்பியும் வாளியும். ஆட்டுக்கயித்துல கோரினா முக்கால்வாசி கெணத்துக்கே திரும்பிப் போவுது. கெணறு என்னிட்ட வந்து எத்தன நாளாச்சு, நான் ஒரு தடவகூட நிறையக் கோரினதில்ல. கயிறு உங்களதாவே இருக்கட்டும். நான் கேட்டு எடுக்கேன்."

கார்த்தியாயினி வாயைத் திறந்தாள். "கொச்சம்மா, இவளுக்க வீட்டுல..."

"நீ போய்க் கப்பிய எடு" என்றாள் பங்கஜாட்சி அம்மா.

"இல்ல கொச்சம்மா, நான் சொல்லியது என்னான்னா..."

"கப்பிய எடுன்னா எடு. உனக்க நாக்கு தேங்காயவிட நல்லா துருவும்."

சாராம்மா காத்து நின்றாள். இப்போது கேட்பாள், வேறு கயிறு இல்லையா என்று இப்போது கேட்பாள். பங்கஜாட்சி அம்மா அவளை நெடுநேரம் பார்த்தாள். கேட்கவில்லை. உள்ளே போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கயிறு எனக்கதாக்கும். அது போற இடத்துக்கு நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

கப்பியை மாட்டினார்கள். முதல் வாளியைப் பங்கஜாட்சி அம்மாதான் கோரினாள். கப்பி பல நாள் மௌனத்துக்குப் பிறகு கிறீச்சிட்டது. சாராம்மா பழக்கத்தில் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகினாள்.

"எங்க போற? எனக்குக் கை நோவுது. நீ பிடி" என்று பங்கஜாட்சி அம்மா கயிற்றை நீட்டினாள்.

சாராம்மா பிடித்தாள். கயிறு ஈரமாக இருந்தது, மற்றவளின் கைச்சூடும் இருந்தது. இரண்டாம் வாளியைச் சாராம்மா கோரி, மேல் வீட்டுக் குடத்தில், குடத்தின் வாயோடு வாளியைச் சேர்த்து ஊற்றினாள். அன்று மாலை கயிறு வீட்டுக்குள் போகவில்லை. பிறகு ஒருநாளும் போகவில்லை.

ஸ்ரீகுமாரியின் குழந்தைக்கு முதல் குளியல் அந்தத் தண்ணீரில்தான் நடந்தது. பிறகு சாராம்மா அந்த வீட்டிலும் தண்ணீர் கேட்கத் தொடங்கினாள், தன் கிணற்றுத் தண்ணீரையே. சில நாள் பங்கஜாட்சி அம்மா, "வந்த காரியத்த வாசி, கேப்போம்" என்பாள். வேதம் வாசிக்கக் கேட்பாள். மாலையில் விளக்கேற்றிச் சாமி நாமமும் சொல்வாள். இரண்டு பேருக்கும் அதில் தொந்தரவு இருக்கவில்லை.

வருடங்கள் ஓடின. தென்னை பாளை விட்டது. ஊரில் இளந்தாரிகள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். ராஜதாசுக்கும் மஸ்கட்டில் வேலை கிடைத்தது. புறப்படும் நாளில் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். மாங்காய் அச்சாரும் ஏத்தங்காய் உப்பேரியும் அடைத்த அட்டைப்பெட்டியைக் கட்டக் கயிறு தேடியபோது, செல்லையன் பரணிலிருந்து அந்தப் பழைய புதுக் கயிற்றை இறக்கிக் கட்டிவிட்டான். சாராம்மா பார்க்கும்போது பெட்டி வாசலுக்கு வந்திருந்தது. பங்கஜாட்சி அம்மாவும் வந்திருந்தாள். பெட்டி முன்னால் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல கயிறு. நனையவே இல்லியே" என்றாள்.

சாராம்மா முன்னால் வந்தாள். "கொச்சம்மா, அது..."

"கொஞ்சம் வெள்ளம் தா சாராம்மே. தொண்ட காயுது."

செம்பைக் கொடுத்தாள் சாராம்மா. பங்கஜாட்சி அம்மா குடித்துவிட்டு, அடியில் இருந்த ஒரு வாயைத் தென்னையின் மூட்டில் ஊற்றினாள்.

கயிறு கேட்கப் போன அன்று வேறு கயிறு உண்டா என்ற கேள்வி வராமல் இருந்ததைச் சாராம்மா கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தாள். செல்லையனின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார் என்பாள். சாராம்மாவை அடக்கம் செய்து முடித்தபின், பங்கஜாட்சி அம்மாவும் இறந்துபோய் வெகுநாள் ஆகியிருந்ததால், கார்த்தியாயினி தன் வாயைத் திறந்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் சானலில் குடம் முக்கிக்கொண்டிருந்தாளாம். செல்லையன் கயிறும் பாட்டுமாகக் கரையில் போனதைக் கண்டு, அரைக்குடத்தோடு ஓடிப் போய்ச் சொன்னாளாம்: "கொச்சம்மா, அவங்க புதுக் கயிறு வாங்கியாச்சு. இனி நம்ம கயிறு அவங்களுக்கு வேண்டாம்." அன்று ராத்திரி பங்கஜாட்சி அம்மா சாப்பிடவில்லையாம்.